சிந்தாத மூடி

‘டப்பர்வேர்’ என்ற சொல் புழங்காத தமிழ் வீடு சிங்கப்பூரில் இருக்குமா என்பது ஐயமே. எந்த நிறுவனம் செய்த பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தாலும் நம் அம்மாக்களுக்கு அது டப்பர்வேர்தான். கல்லூரிக்குப் புறப்படும்போது நம் பைக்குள் திணிக்கப்படுவதும் அதுதான். சில நேரங்களில் விரிவுரைக் குறிப்புகளை மஞ்சளாக்குவதும் அதுதான். பொறியியல் பீடத்தில் நான்காண்டுகள் பயின்று, இப்போது பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வியை நீண்ட நாட்களாக மனத்தில் சுமந்து வருகிறேன். தண்ணீர் சிந்தாத ஒரு மூடியைச் செய்வது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

இக்கேள்வியை எனக்கு அழுத்தமாக எழுப்பியவர் துவாஸ் பக்கத்தில் கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும், பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் அவரைச் சந்திப்பதுண்டு. “தம்பி, நீங்க இன்ஜினியருக்குப் படிச்சவரு. லாரியில கவுந்தாலும் சிந்தாத மாதிரி ஒரு டப்பா செய்ய முடியாதா?” என்று ஒரு நாள் கேட்டார். விடுதியிலிருந்து அதிகாலையில் லாரியில் புறப்படுகிறவருக்கு மதிய உணவும் கூடவே போகிறது. குழம்பு சிந்திவிட்டால் வெறும் சோறுதான். போய் வேறு வாங்கிவரக் கடையும் அருகில் இராது, நேரமும் இராது. நமக்கு எரிச்சல் தரும் ஒரு சிறு விபத்து, அவருக்கு ஒரு வேளைப் பட்டினி. அவர் ஏற்கெனவே மூன்று டப்பாக்கள் வாங்கிப் பார்த்திருந்தார். மூன்றும் ‘சிந்தாது’ என்று அட்டையில் எழுதி விற்கப்பட்டவை. மூன்றும் சிந்தின.

அந்த மூன்றையும் வாங்கிவந்து அறுத்துப் பார்த்ததிலிருந்து தொடங்கியதே இக்கட்டுரை.

பெயிண்ட் டின்னிலிருந்து வந்த மூடி

முதலில் கொஞ்சம் வரலாறு. ஏர்ல் டப்பர் என்ற அமெரிக்கர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாலிஎதிலீன் என்னும் மென்மையான பிளாஸ்டிக்கைக் கொண்டு 1946 வாக்கில் பாத்திரங்கள் செய்து விற்கத் தொடங்கினார். பாத்திரத்தைவிட மூடிதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு. பெயிண்ட் டின்னின் மூடி எப்படி விளிம்பைக் கவ்விக்கொள்கிறது என்பதைப் பார்த்து, அந்த அமைப்பைத் தலைகீழாக்கிப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தார். மூடியின் ஓரத்திலுள்ள பள்ளம், பாத்திரத்தின் விளிம்பைவிட ஒரு மயிரிழை இறுக்கமாக இருக்கும். அழுத்தி மூடும்போது மூடியின் ஓரம் சற்றே விரிந்து, மீண்டும் சுருங்க முயன்றபடி விளிம்பைச் சுற்றிலும் இறுக்கும். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1949-இல் கிடைத்தது.

கடைகளில் இந்தப் பாத்திரங்கள் முதலில் சரியாக விற்கவில்லை. மூடும் விதத்தைக் கையில் எடுத்துக் காட்டினால்தான் மக்களுக்குப் புரிந்தது. பிரௌனி வைஸ் என்ற பெண்மணி வீடுகளில் விருந்து நடத்தி விற்ற முறை வெற்றி பெற்றதும், 1951 முதல் கடை விற்பனையையே நிறுவனம் கைவிட்டது. நம் அம்மாக்களும் அத்தைகளும் ஒருவர் வீட்டில் கூடி, பட்டியல் புத்தகத்தைப் புரட்டி டப்பா வாங்கியதற்கு வேர் அங்கே இருக்கிறது. அந்த நிறுவனம் 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. ஆனால் பெயர் மட்டும் பொதுச்சொல்லாகி நம் சமையலறைகளில் தங்கிவிட்டது.

டப்பரின் மூடியில் ரப்பர் வளையம் கிடையாது. பிளாஸ்டிக்கின் இழுவிசையே அடைப்பான். அது அழகான தீர்வுதான்; ஆனால் பாலிஎதிலீன் சோம்பேறிப் பொருள். நீண்ட நேரம் இழுபட்டு நின்றால், அந்த நீளத்திற்கே பழகிவிடும். பல ஆண்டுகள் புழங்கிய மூடி தளர்ந்துபோவது இதனால்தான். சூடு பட்டால் இன்னும் விரைவாகத் தளரும்.

அடுத்த பெரிய மாற்றம் கொரியாவிலிருந்து வந்தது. 1998-இல் ‘லாக் அண்ட் லாக்’ என்ற பெயரில் நான்கு பக்கமும் மடக்கிப் பூட்டும் டப்பா வெளிவந்தது. மூடிக்குள் ஒரு சிலிக்கோன் வளையம். நான்கு பக்கங்களிலும் இறக்கை போன்ற பூட்டுகள். இறுக்குவது பூட்டின் வேலை, அடைப்பது வளையத்தின் வேலை என்று இரண்டு வேலைகளும் பிரிந்தன. இன்று சிராங்கூன் சாலைக் கடைகளில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் டப்பாக்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்ணன் வாங்கிய மூன்றும் அப்படியே.

குங்குமம் காட்டிய உண்மை

ஒரு மூடி எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. குங்குமத்தைச் சிறிது எண்ணெயில் குழைத்து, டப்பாவின் விளிம்பில் மெல்லியதாகப் பூசி, மூடியைப் பூட்டித் திறந்தால் போதும். வளையம் எங்கெல்லாம் விளிம்பைத் தொட்டதோ அங்கெல்லாம் சிவப்புக் கோடு பதிந்திருக்கும். கோடு அறுந்த இடத்தில் ஒழுக்கு. இயந்திரப் பட்டறைகளில் இதையே நீல மையை வைத்துச் செய்வார்கள்.

மூன்று டப்பாக்களிலும் கோடு அறுந்திருந்தது. ஒன்றில் நீளப் பக்கத்தின் நடுவில். மற்ற இரண்டில் மூலைகளில். காரணம் வார்ப்பில் இருக்கிறது. இந்த டப்பாக்கள் பாலிபுரோப்பிலீனால் ஆனவை. உருக்கி அச்சுக்குள் செலுத்திய பாலிபுரோப்பிலீன், குளிரும்போது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டரை பங்கு வரை சுருங்கும். 20 செ.மீ. நீளமுள்ள பக்கம் 5 மி.மீ. வரை சுருங்கக்கூடும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால் அச்சைப் பெரிதாக வெட்டிச் சரிசெய்துவிடலாம். தடித்த இடம் மெதுவாகக் குளிர்ந்து அதிகம் சுருங்கும், மெல்லிய இடம் விரைவாகக் குளிர்ந்து குறைவாகச் சுருங்கும் என்பதுதான் சிக்கல். அதனால் நீளமான பக்கங்கள் உள்நோக்கி லேசாக வளைந்துவிடுகின்றன. கையிலிருக்கும் எந்த மலிவான செவ்வக டப்பாவையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து, விளிம்பைத் துப்பாக்கிக் குழல்போலப் பாருங்கள், வளைவு தெரியும்.

இத்துடன் பூட்டுகளின் இடைவெளியும் சேர்கிறது. இரண்டு பூட்டுகளுக்கு நடுவே மூடி ஒரு பாலம்போல நிற்கிறது. கீழே அமுங்கிய வளையம் அதை மேலே தள்ளுகிறது. சீராகப் பரவிய சுமையைத் தாங்கும் பாலத்தின் நடுவளைவு, நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளரும் என்பது இரண்டாம் ஆண்டிலேயே படிக்கும் பாடம். பூட்டுகளுக்கிடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வளைவு பதினாறில் ஒரு பங்காகும். ஆனால் எட்டுப் பூட்டு வைத்த டப்பாவை யார் வாங்குவார்கள்?

வட்ட டப்பாவுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. மூலை இல்லை, சுருக்கம் சுற்றிலும் ஒன்றுபோல் நடக்கும், திருகு மூடியும் போடலாம். நம் பாட்டிமார் காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊறுகாய் போட்டு வைத்தது வெறும் சிக்கனத்தால் மட்டும் அன்று. சதுர டப்பா வந்ததே குளிர்பதனப் பெட்டியிலும் பைக்குள்ளும் இடத்தை மிச்சப்படுத்தத்தான்.

இடைவெளியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறுகலான பிளவு வழியே ஒழுகும் நீரின் அளவு, பிளவின் உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். பிளவைப் பாதியாக்கினால் ஒழுக்கு எட்டில் ஒன்றாகும். மேலும், பாலிபுரோப்பிலீன் தண்ணீரை விரும்பாத பொருள். மிகக் குறுகிய பிளவில் தண்ணீர் உருண்டு நின்றுவிடும், உள்ளே நுழையாது. எண்ணெய் அப்படி அன்று. அதன் பரப்பு இழுவிசை தண்ணீரினுடையதில் பாதிக்கும் குறைவு. பிளாஸ்டிக்கில் பரவி, தண்ணீர் புகாத பிளவிலும் மெல்ல ஊர்ந்து வெளியே வந்துவிடும். குழாய்த் தண்ணீர் ஊற்றிச் சோதித்தபோது நல்ல பிள்ளையாக இருந்த டப்பா, மீன் குழம்பு ஊற்றியதும் ஓரமெல்லாம் எண்ணெய் கசிவதற்கு இதுவே காரணம். ஆகவே என் சோதனைகளை மஞ்சள்தூள் கலந்த நீரிலும் நல்லெண்ணெயிலும் தனித்தனியாகச் செய்தேன். வெள்ளை டிஷ்யூ தாளில் சுற்றிப் படுக்க வைத்தால் மஞ்சள் பொய் சொல்லாது.

எதிரி குழம்பன்று, காற்று

இத்தனை நேரமும் மூடியை அழுத்துவது குழம்பின் எடை என்றே பேசிவந்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் வேறொன்று புலப்பட்டது.

டப்பா கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே 10 செ.மீ. உயரத்துக்குச் சாம்பார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மூடியில் தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆக, நூற்றில் ஒரு பங்குதான்.

இப்போது முந்தைய இரவு குழம்பை டப்பாவில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, காலையில் எடுத்து மூடியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடி, பைக்குள் போடுகிறோம். நம் ஊர் வெயிலில் அது 30 டிகிரிக்கு வந்துவிடுகிறது. உள்ளே அடைபட்ட காற்று விரிய முயலும், ஈரமும் ஆவியாகும். மூடி சிறிதும் வளையாமல், காற்றும் கசியாமல் இருந்தால், உள் அழுத்தம் வெளியைவிட ஏறக்குறைய 13 கிலோபாஸ்கல் கூடிவிடும். சாம்பாரின் எடை தருவதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! டப்பா நிமிர்ந்திருந்தால் அந்த அழுத்தம் காற்றாகவே வெளியேறிவிடும், யாருக்கும் தெரியாது. பையில் சாய்ந்து கிடந்தால் விளிம்பருகே நிற்பது குழம்பு. காற்று அதைத்தான் முதலில் தள்ளிவிடும். எம்ஆர்டி ரயிலில் நம்மை நாமே நொந்துகொள்ளும் பல விபத்துகளின் மூலம் இதுவே.

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் ஊறுகாய் பாட்டிலின் கதையும் இதே. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் உள்ளதுபோல் இருப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் வைத்திருப்பார்கள். 8,000 அடி என்றால் சுமார் 75 கிலோபாஸ்கல். பாட்டிலுக்குள் அடைபட்டது தரையின் காற்று. 26 கிலோபாஸ்கல் அதிக அழுத்தத்துடன் அது மூடியை முட்டுகிறது. பாட்டிலில் காற்று எவ்வளவு குறைவோ, தள்ளிவிடப்படும் எண்ணெயும் அவ்வளவு குறைவு. பாதி பாட்டில் ஊறுகாய் கொண்டுவருவதைவிட, சிறிய பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பிக் கொண்டுவருவது நல்லது. மாவடு விஷயத்தில் இதை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன்.

எதிர்த்திசையில் நடப்பது இன்னும் வியப்பானது. கொதித்து இறக்கிய சோற்றை 80 டிகிரிச் சூட்டில் டப்பாவில் போட்டு உடனே மூடினால், உள்ளே இருக்கும் வாயுவில் பாதியளவு நீராவி. ஆறும்போது அந்த நீராவி பெரும்பாலும் தண்ணீராகி மூடியில் முத்துமுத்தாக ஒட்டிக்கொள்ளும். காற்று புகாத, வளையாத டப்பாவானால் அறை வெப்பத்துக்கு வந்ததும் உள் அழுத்தம் ஏறத்தாழ வெளியில் உள்ளதில் பாதிதான் இருக்கும். 20 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் கொண்ட மூடியில் இது 150 கிலோவுக்கும் மேற்பட்ட எடையை ஏற்றிவைத்ததற்குச் சமம். நல்ல வேளையாகப் பிளாஸ்டிக் மூடி குழிந்துகொடுக்கும், கொஞ்சம் காற்றும் உள்ளே நுழையும். அதனால் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனாலும் மதியம் திறக்க முடியாமல் கரண்டிக் காம்பால் நெம்புகிறோமே, அதன் காரணம் இதுதான். நெம்பிய இடத்தில் விளிம்பு கீறிவிடும். அடுத்த நாள் ஒழுக்கு அங்கே தொடங்கும்.

ஆக, ஒரு சோற்று டப்பாவின் அடைப்பான் முழுக்க முழுக்க இறுக்கமாக இருக்கக்கூடாது என்ற முடிவுக்கு வந்தேன். உள்ளிருப்பது வெளியேறக்கூடாது, வெளிக்காற்று உள்ளே வரலாம்.

அடிபம்பின் தோல் வாஷர்

ஒரு திசையில் மட்டும் அடைக்கும் பொருள் ஒன்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல காலமாக இருந்துவருகிறது. அதுதான் சைக்கிள் பம்பிலும் அடிபம்பிலும் உள்ள கிண்ண வடிவ வாஷர்.

சைக்கிள் பம்பின் கம்பி முனையில் தோலால் ஆன சிறு கிண்ணம் இருக்கும். கைப்பிடியை அழுத்தும்போது காற்று கிண்ணத்தின் உதட்டை வெளிப்பக்கம் விரித்துக் குழாயோடு ஒட்டவைக்கும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இறுக்கம். கைப்பிடியை இழுக்கும்போது உதடு தளர்ந்து, பின்பக்கக் காற்று உள்ளே நழுவி வரும். வெறும் ஒரு தோல் துண்டு, அடைப்பானாகவும் கதவாகவும் வேலை செய்கிறது.

1970களின் பிற்பகுதியில் யுனிசெஃப் உதவியுடன் உருவாகி, கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதிக்கப்பட்டு, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் தயாரிக்கத் தொடங்கிய ‘இந்தியா மார்க் 2’ அடிபம்பிலும் இத்தகைய தோல் வாஷர்களே இருந்தன. பிற்பாடு நைட்ரைல் ரப்பர் வந்தது. அந்த வாஷர் தேய்ந்தால் கைப்பிடியை எத்தனை முறை அடித்தாலும் தண்ணீர் மேலே வராது. மாற்றுவதற்கு ஆள் வரும்வரை ஊர்ப் பெண்கள் அடுத்த ஊருக்குக் குடம் தூக்கினார்கள். சிறிய வாஷர் ஒன்றின் மதிப்பைப் பொறியியல் புத்தகத்தைவிட அவர்கள் நன்கு அறிந்திருப்பார்கள்.

நம் சமையலறையில் இதற்கு ஒரு தம்பி உண்டு: குக்கர் கேஸ்கெட். ஹாக்கின்ஸ் குக்கரில் மூடி உள்ளிருந்து மேலே வந்து விளிம்பை முட்டும். உள்ளே நீராவி ஏற ஏற அடைப்பு இறுகும். பிரெஸ்டீஜ் போன்ற வெளிமூடிக் குக்கரிலோ கேஸ்கெட்டின் உதட்டை நீராவி விரித்து இறுக்குகிறது. பிரெஸ்டீஜ் மூடியின் ஓரத்தில் ஒரு நீள்துளை இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? போலிப் பாதுகாப்பு அடைப்பான்கள் சந்தையில் புழங்கி, குக்கர்கள் வெடித்த காலத்தில், சென்னை ஐஐடி-யில் படித்தவரான டி.டி. ஜெகந்நாதன் கொண்டுவந்த ஏற்பாடு அது. அழுத்தம் அளவு மீறினால் கேஸ்கெட் அந்தத் துளை வழியே பிதுங்கி நீராவியை வெளியேற்றிவிடும். போலி அடைப்பானை யார் பொருத்தியிருந்தாலும் பாதுகாப்பு மூடியின் வடிவத்திலேயே இருந்தது. அடைப்பான் தோற்கத்தான் போகிறது என்றால், எங்கே தோற்க வேண்டும் என்பதை வடிவமைப்பவரே முடிவு செய்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்புகளில் இது ஒன்று.

வளையத்துக்குப் பதில் உதடு

இதை வைத்து நான் செய்துபார்த்தது சிக்கலானதன்று. கடையில் வாங்கிய டப்பாவை அப்படியே வைத்துக்கொண்டு, மூடியின் அடைப்பானை மட்டும் மாற்றினேன். எஃகு அச்சு வெட்டப் பல பத்தாயிரம் வெள்ளி வேண்டும். அது சோதனைக்குக் கட்டாது. முப்பரிமாண அச்சுப்பொறியில் ஓர் அச்சு செய்து, அதன் உட்பக்கத்தை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, உணவுத் தரச் சிலிக்கோனை ஊற்றி வார்த்தேன். தேய்க்காமல் விட்டால் அச்சுப்பொறியின் அடுக்குக் கோடுகள் சிலிக்கோனில் பதிந்து, ஒவ்வொரு கோடும் ஒரு வாய்க்காலாகிவிடும்.

வழக்கமான வளையம், விளிம்பின் தலையில் உட்கார்ந்து மேலிருந்து அமுங்கும். ரப்பர் அமுங்கும்போது அதன் கன அளவு குறைவதில்லை. பக்கவாட்டில் பிதுங்க இடம் வேண்டும். பள்ளத்தை முழுக்க அடைத்தாற்போல் வளையத்தைப் போட்டால் அது கல்லாகிவிடும். ஆகவே வளையத்தின் உயரத்தில் கால் பங்கு அளவு அமுங்கவும், பள்ளத்தில் சிறிது காலி இடம் மிஞ்சவும் கணக்கிடுவார்கள். அப்படிச் செய்தாலும் விசை தேவை. ஒரு செ.மீ. நீளத்துக்கு 5 நியூட்டன் என்று வைத்தாலும், 70 செ.மீ. சுற்றளவுக்கு 350 நியூட்டன், அதாவது 35 கிலோ எடை ஆகிறது. நான்கு மெல்லிய பிளாஸ்டிக் இறக்கைகள் இதை நாள்தோறும் தாங்க வேண்டும்.

நான் வார்த்த அடைப்பானில் அமுங்கும் பகுதி இல்லை. மூடியிலிருந்து ஒரு மெல்லிய உதடு சாய்வாகக் கீழிறங்கி, டப்பாவின் உட்சுவரை வருடுகிறது. சைக்கிள் பம்பின் கிண்ணம்தான் அது. செவ்வகமாக நீட்டப்பட்டது, அவ்வளவே. சுவர் உள்ளே வளைந்திருந்தால் உதடும் வளைந்து கொடுக்கும். டப்பா கவிழ்ந்தால் குழம்பின் அழுத்தமே உதட்டைச் சுவரோடு ஒட்டவைக்கும். சூடான சோறு ஆறும்போது வெளிக்காற்று உதட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடும். மதியம் ஒரு விரலால் திறக்கலாம். சூட்டில் 20 செ.மீ. பக்கம் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும் பாலிபுரோப்பிலீனின் குணத்தையும் உதடு பொறுத்துக்கொள்கிறது. மூலைகளில் மட்டும் உதடு மடிந்து சுருக்கம் விழுந்தது. மூலையின் வளைவு ஆரத்தைப் பெரிதாக்கி, அங்கே உதட்டைச் சற்றுக் குட்டையாக்கியதும் குங்குமக் கோடு முழுதாக வந்தது.

எஞ்சியது குளிர்பதனப் பெட்டிக் கணக்கு. உள் அழுத்தம் கூடும்போது உதடு இன்னும் இறுகும், ஆனால் மூடி மேலே எழும்பப் பார்க்கும். இங்கே தேக்கா உணவங்காடி நிலையம் எனக்கு ஆசிரியரானது. அங்கே மீன் குழம்பைப் பொட்டலமாக வாங்கினால், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை முறுக்கி, ரப்பர் பேண்டால் ஒரு சுண்டு சுண்டிக் கொடுப்பார்கள். அது சிந்திப் பார்த்ததுண்டா? அந்தப் பைக்குக் கன அளவு என்று ஒன்று நிலையாக இல்லை. காற்று விரிந்தால் பை உப்பும், சுருங்கினால் ஒடுங்கும். அழுத்த வேறுபாடே பெரிதாக உருவாவதில்லை. அதைப் பின்பற்றி மூடியின் நடுவில் மெல்லிய குமிழ் ஒன்றைச் சிலிக்கோனிலேயே வைத்தேன். மூடும்போது அதை அமுக்கிவிட்டால், பிறகு விரியும் காற்றுக்கு அது இடம் கொடுக்கும். டப்பர் தம் மூடியின் நடுவை அமுக்கிக் காற்றை வெளியேற்றச் சொன்னதும் ஏறக்குறைய இதே நோக்கம்தான்.

சிலிக்கோனையே ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்கலாம். குளிரில் விறைக்காது, கொதிநீரில் உருக்குலையாது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஏழு பேருடன் அழிந்ததற்குக் காரணம், உறைகுளிர்க் காலையில் ரப்பர் வளையம் தன் பழைய வடிவத்துக்கு விரைந்து திரும்பாததுதான். ஒரு துண்டு ரப்பரைப் பனிநீரில் அமிழ்த்தி இயற்பியலாளர் ஃபைன்மன் அதை விளக்கினார். நம் சிக்கல் குளிரன்று, நாள்தோறும் படும் சூடு. அதிலும் சிலிக்கோன் நீண்ட நாள் மீள்தன்மையோடு இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு குறைகள். வாயுக்களையும் நீராவியையும் மற்ற ரப்பர்களைவிட எளிதாக ஊடுருவ விடும். எனவே தீபாவளி முறுக்கை மாதக்கணக்கில் வைக்க இது தோதாகாது. எண்ணெயையும் மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது இரண்டாவது. ஒருமுறை கருவாட்டுக் குழம்பு பட்ட அடைப்பான் தயிர்சாதத்துக்கு ஆகாது.

மூடியால் ஆகாத வேலை

இந்த இடத்தில் அண்ணனிடம் சொன்ன ஒன்றை இங்கும் சொல்லியாக வேண்டும். சிந்தாத டப்பா என்பதால் அது கெடாத டப்பா ஆகிவிடாது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசிலஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் சமைக்கும் சூட்டில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை விட்டுச் செல்லும். மணமோ சுவையோ மாறாமல்கூட இருக்கலாம். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பொதுவான விதி. விடியுமுன் சமைத்து, நண்பகலில் உண்ணும் ஊழியருக்கு இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று எண்ணிப் பாருங்கள். உணவு எப்போது சமைக்கப்படுகிறது, எப்போது வந்துசேர்கிறது என்பது உணவு வழங்குபவரும் முதலாளியும் தீர்க்க வேண்டிய காரியம். என் சிலிக்கோன் உதட்டுக்கு அந்த வலிமை கிடையாது.

அண்ணனிடம் இப்போது இரண்டாவது மாதிரி இருக்கிறது. லாரியில் மூன்று மாதமாகப் போய்வருகிறது, ஒழுகவில்லை. ஆனால் அவர் குறை ஒன்று சொன்னார். உதட்டுக்கும் மூடிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் பருக்கை புகுந்துவிடுகிறது. விடுதியில் குழாய்க்கு வரிசையில் நின்று கழுவும்போது அதை நோண்டி எடுக்க யாருக்குப் பொறுமை? மூன்றாவது மாதிரியில் உதட்டை மூடியோடு ஒட்டாமல், ஒரே இழுப்பில் கழன்று வரும்படி செய்யப் பார்க்கிறேன்; பள்ளத்தையும் விரல் நுழையும் அகலத்துக்கு விரிக்க வேண்டும். கழற்றிய உதட்டைத் திரும்பத் தலைகீழாகப் பொருத்திவிட்டால் அது வேறு திசையில் அடைக்கும் என்பதால், ஒரு பக்கமாக மட்டுமே பொருந்தும் வடிவம் தேவைப்படுகிறது. அதுவரை அவர் சோற்றையும் கூட்டையும் டப்பாவில் வைத்து, ரசத்தை மட்டும் பழைய வழக்கப்படி பையில் முறுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, டப்பாவுக்குள்ளேயே வைத்துக் கொண்டுபோகிறார்.